அண்ணன்கள் இருந்துகொண்டிருக்கிறார்கள்: ஆங்கில இலக்கணத்தைச் சிரித்துப் படிக்க முடியுமா?

கேள்வி, 2024 ஜூன் 10

மாலையில் பத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இலக்கணம் என்றதும் முகம் வாடிவிடுகிறது. அதனால் ஒரு ஜோக் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்குகிறேன். நன்றாகச் சிரிக்கிறார்கள். அடுத்த வாரம் கேட்டால் ஜோக்கை வரி பிசகாமல் திருப்பிச் சொல்கிறார்கள், டென்ஸ் மட்டும் ஒருவருக்கும் நினைவில்லை. நகைச்சுவையால் இலக்கணம் எளிதாகும் என்பது வெறும் பேச்சுதானா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

ஜூன் 11

செய்து பார்த்திருக்கிறேன். கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தினமும் மாலை ஆறரைக்கு வகுப்பு. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பதினான்கு பிள்ளைகள், அவர்களோடு தையல் வேலை பார்க்கும் ஓர் அக்கா. நீங்கள் செய்வதைத்தான் நானும் முதல் இரண்டு வருடம் செய்தேன். அதே பலன்தான். கசப்பு மருந்துக்கு முன்னால் சர்க்கரை கொடுப்பதுபோல, சர்க்கரை தனியாகக் கரைந்துவிடுகிறது, மருந்து தனியாகக் கசக்கிறது.

இப்போது வகுப்புக்கு முன்னால் ஜோக் சொல்வதில்லை. பாடத்துக்குள்ளேயே, தப்பான வாக்கியத்துக்குள்ளேயே, சிரிப்பு வரவேண்டும். எப்படி என்று நாளை எழுதுகிறேன், இப்போது பிள்ளைகள் படியேறி வருகிறார்கள்.

ஜூன் 13

நாளை என்று சொல்லி இரண்டு நாள் ஆகிவிட்டது.

போன வருடம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன்னைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தான். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்.' பத்துத் தடவை திருத்தியிருப்பேன். ஹேவ் என்ற வினை நிலையைக் குறிக்கும்போது ஐஎன்ஜி சேராது என்று விதியைச் சொல்லி, அதன் கீழ் நோ, பிலாங், அண்டர்ஸ்டாண்ட் என்று பட்டியலும் போட்டிருந்தேன். பட்டியலை மனப்பாடம் செய்தார்கள், பேசும்போது மறுபடியும் ஹேவிங்தான்.

அன்றைக்கு ஏனோ அந்த வாக்கியத்தை அப்படியே தமிழில் பலகையில் எழுதினேன்:

எனக்கு இரண்டு அண்ணன்கள் இருந்துகொண்டிருக்கிறார்கள்.

ஒரு நொடி அமைதி. பிறகு மாடி முழுக்கச் சிரிப்பு. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள், "இன்னும் எத்தனை நாளைக்கு இருப்பாங்க மிஸ்?"

அந்தக் கேள்வியில் இலக்கணம் முழுவதும் இருக்கிறது. 'கொண்டிரு' சேர்ந்தால் அது நடந்துகொண்டிருப்பது, எப்போதாவது முடியப்போவது என்று அவள் காதுக்குத் தெரிகிறது. அண்ணன் அப்படி முடிகிற காரியம் இல்லை. ஆங்கிலத்தில் ஐஎன்ஜி செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுதான். விதியை நான் சொல்லவே இல்லை, அவள் சொல்லிவிட்டாள். 'ஐ ஆம் நோயிங்' என்பதை அடுத்த நிமிடமே அவர்களே தமிழாக்கினார்கள்: எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது. அதற்கும் ஒரு சிரிப்பு. அன்று முதல் யாராவது ஹேவிங் என்று வாயெடுத்தால் "எத்தனை நாளைக்கு?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால் போதும்.

நான் சொல்ல வருவது இதுதான். பிள்ளைகளுக்கு இலக்கணம் தெரியாது என்று நாம் நினைக்கிறோம். தமிழ் இலக்கணம் அவர்கள் காதில் முழுதாக இருக்கிறது. அவர்கள் சிரிப்பது அதனால்தான். இல்லாவிட்டால் அந்த வாக்கியம் ஏன் வேடிக்கையாக இருக்கவேண்டும்? அந்தச் சிரிப்பிலிருந்து ஆங்கிலத்துக்குப் போக வழி இருக்கிறது.

ஜூன் 14

இன்னொன்று. 'ஐ டிட் நாட் வென்ட்.'

தமிழில் 'போனேன்' என்கிறோம். மறுக்கும்போது 'போனேனில்லை' என்று பேசுகிறோமா? 'போகவில்லை' என்கிறோம். 'போனேன்' என்பதில் இருந்த காலமும் போய்விட்டது, ஆளும் போய்விட்டார், வெறும் 'போக' மட்டும் மிச்சம். நான் போகவில்லை, அவள் போகவில்லை, அவர்கள் போகவில்லை. ஆங்கிலமும் இதையே செய்கிறது. டிட் நாட் வந்தவுடன் வென்ட் என்பது கோ ஆகிவிடுகிறது.

"அம்மா, நான் கடைக்குப் போனேனவில்லை" என்று ஒரு பையன் நடித்துக் காட்டினான். அதற்குப் பிறகு அவன் வாயில் 'டிட்நாட் வென்ட்' வந்ததாக எனக்கு நினைவில்லை.

ஜூன் 15

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'டஸ் ஹி கோஸ்' என்ற தப்புக்குத் தமிழில் நேரான இணை கிடைக்கவில்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தானே ஒன்று சொன்னான்: "எஸ் ஒரே ஒரு டிக்கெட்தான் மிஸ். டஸ் முன்னாடி ஏறி அதை வாங்கிடுச்சு. கோ டிக்கெட் இல்லாமத்தான் நிக்கணும்." மினிபஸ்ஸில் தினமும் வருகிற பிள்ளை. நான் யோசித்திருந்தால் இது வந்திருக்காது.

ஜூன் 17

ஒருவர் எழுதியிருக்கிறார்: "தமிழில் மொழிபெயர்த்து யோசிப்பதுதான் நம் பிள்ளைகளின் நோய். நீங்கள் அதையே மருந்தாகக் கொடுக்கிறீர்கள். ஆங்கிலத்தில் யோசிக்கப் பழக்கவேண்டும்."

இந்த அறிவுரையைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். வீட்டில், தெருவில், கடையில் ஆங்கிலமே காதில் விழாத பிள்ளை ஆங்கிலத்தில் எதை வைத்து யோசிக்கும்? ஒரு சொல்லும் கையில் இல்லாதவரிடம் அதிலேயே யோசி என்றால் அவர் வாயை மூடிக்கொள்வார். அதைத்தான் நம் வகுப்பறைகளில் பார்க்கிறோம்.

நான் செய்வதும் மொழிபெயர்ப்பு இல்லை. தமிழ் வாக்கியத்தை ஆங்கிலமாக்கச் சொல்வதில்லை. தப்பான ஆங்கிலத்தைத் தமிழாக்கிக் காட்டுகிறேன். திசை வேறு.

ஜூன் 19

திருத்தம். ஜூன் 13 குறிப்பில் 'கொண்டிரு' பற்றி அவசரப்பட்டு எழுதிவிட்டேன். முந்தாநாள் வகுப்பிலேயே மாட்டிக்கொண்டது.

பத்தாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "'அவர் என்னைப் புரிந்துகொண்டிருக்கிறார்' என்பது சரியான தமிழ்தானே மிஸ்? அப்படியானால் 'ஹி இஸ் அண்டர்ஸ்டாண்டிங் மீ' சரியா?"

நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். அங்கே இருப்பது வேறு 'கொண்டு'. 'புரிந்துகொள்' என்பதே வினை, அதோடு 'இருக்கிறார்' சேர்கிறது. புரிந்துகொண்டுவிட்டார், அந்த நிலையில் இருக்கிறார் என்று பொருள். ஆங்கிலத்தில் 'ஹேஸ் அண்டர்ஸ்டுட்'. 'தெரிந்துகொண்டிருக்கிறேன்' என்பதும் அப்படியே. அதனால்தான் 'எனக்கு' என்று தொடங்கவேண்டும். 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்றால்தான் சிரிப்பு வரும், 'நான் தெரிந்துகொண்டிருக்கிறேன்' என்றால் வராது.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 'எனக்குச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது' என்பது அருமையான தமிழ். ஆனால் 'ஐ ஆம் ஹியரிங்' என்று பொதுவாகச் சொல்வதில்லை. ஆக எல்லா வினைக்கும் இந்த வழி பொருந்தாது. ஹேவ், நோ, பிலாங் மூன்றுக்கும் நன்றாகப் பொருந்துகிறது. ஹியர், சீ இரண்டையும் தனியாகச் சொல்லிக்கொடுங்கள்.

ஜூன் 24

'ஏ', 'தி' பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். இது எனக்கு மிகவும் பிடித்த பாடம்.

தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால் நம் பிள்ளைகளுக்கு வராது என்பார்கள். ஆனால் எந்தப் பாட்டியிடமாவது கதை கேளுங்கள். "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அந்த ராஜாவுக்கு ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு ஒரு கிளி வளர்த்தாளாம். அந்தக் கிளி..." முதலில் 'ஒரு', அடுத்து 'அந்த'. கேட்பவருக்குப் புதிய ஆள் என்றால் ஒரு, அறிமுகமாகிவிட்டால் அந்த. 'ஏ கிங்', பிறகு 'தி கிங்'. பாட்டிக்கு யாரும் ஆர்ட்டிகிள் பாடம் எடுக்கவில்லை.

வகுப்பில் நான் இந்தக் கதையைத் தப்பாகச் சொல்வேன். "ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். ஒரு ராஜா வேட்டைக்குப் போனார். ஒரு ராஜாவுக்குத் தாகம் எடுத்தது. ஒரு ராஜா கிணற்றடிக்கு வந்தார்." பிள்ளைகள் விரலில் எண்ணத் தொடங்குவார்கள். நான்காவது வரியில், "மிஸ், கிணத்தடியில மொத்தம் நாலு ராஜா நிக்கிறாங்க!"

அடுத்து எதிர்ப்பக்கம். எடுத்த எடுப்பிலேயே, "அந்த ராஜா அந்தக் காட்டுக்குப் போனார்" என்று தொடங்குவேன். "எந்த ராஜா? எந்தக் காடு?" என்று நாலு பக்கமும் சத்தம். எந்த என்று கேட்கத் தோன்றினால் அங்கே 'தி' போட இன்னும் நேரம் வரவில்லை. இதை நானாக விதியாகச் சொல்வதில்லை, "யாராவது எந்த என்று கேட்பார்களா?" என்று மட்டும் கேட்பேன்.

ஒரு நாள் முழுக்க இந்தக் கதையிலேயே போகும். போகட்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு வரியாகக் கதையை ஆங்கிலத்தில் கட்டுவார்கள், ராஜா பெருகினால் எல்லோரும் எண்ணிக்கையைக் கத்துவார்கள். தையல் அக்கா இந்த விளையாட்டில்தான் முதல்முறையாக வாய் திறந்து ஒரு முழு ஆங்கில வாக்கியம் சொன்னார்: 'தி கிங் சா ஏ ஸ்நேக்.' மூன்று மாதம் அமைதியாக உட்கார்ந்திருந்தவர்.

ஜூன் 25

சேர்க்கவேண்டியது: சூரியன், நிலா. 'தி சன்' என்று முதல் வரியிலேயே 'தி' வருகிறதே என்று ஒரு சிறுவன் மடக்கினான். இன்னொருவன் பதில் சொன்னான், "எந்தச் சூரியன்னு யாருடா கேப்பா?"

அதே சோதனைதான். ஆனால் ஆறு, மலைத்தொடர் பெயர்களுக்கு முன்னால் வரும் 'தி'க்கு இது உதவாது. அதை மனப்பாடம்தான் செய்யவேண்டும்.

ஜூலை 2

கொஞ்ச நாளாக எழுதவேண்டும் என்று நினைத்திருந்த ஒன்று.

கல்லூரியில் முதல் வாரம். ஆங்கில வகுப்பில் எழுந்து எங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். 'ஐ ஆம் பிலாங்கிங் டு கோவில்பட்டி' என்றேன். ஆசிரியர் அதை என் குரலிலேயே, என் இழுப்போடு, திரும்பச் சொன்னார். அறுபது பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என்ன தப்பு என்று சொல்லாமலே "நெக்ஸ்ட்" என்றார். அந்த மூன்று வருடமும் நான் அந்த வகுப்பில் வாய் திறக்கவில்லை. பிலாங்கிங் ஏன் தப்பு என்பதும் தெரியவில்லை. அதுவும் நகைச்சுவைதானே? அறுபது பேரும் நன்றாகச் சிரித்தார்கள். ஒருவராவது இலக்கணம் கற்றிருப்பாரா?

இப்போது யோசித்தால், அவர் அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லியிருக்கலாம். 'நான் கோவில்பட்டியைச் சேர்ந்துகொண்டிருக்கிறேன்.' இன்னும் ஊர் வந்து சேரவில்லையா என்று கேட்டிருக்கலாம். அப்போதும் அறுபது பேர் சிரித்திருப்பார்கள், அந்த அறுபது பேரில் நானும் இருந்திருப்பேன். அன்று சிரிக்காமல் நின்றது நான் ஒருத்திதான்.

அதனால் என் வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பலகையில் எழுதும் தப்பு வாக்கியத்துக்குச் சொந்தக்காரர் கிடையாது. எல்லோருடைய நோட்டிலிருந்தும் எடுத்துச் சீட்டில் எழுதி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பேன், வாரக் கடைசியில்தான் எடுப்போம். அதற்குள் யார் எழுதியது என்பது எழுதியவருக்கே மறந்திருக்கும். ஒருவர் பேசும்போது நடுவில் குறுக்கிட்டுச் சிரிப்பதற்கு அனுமதி இல்லை. உச்சரிப்பைக் கேலி செய்யவும் கூடாது, அதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

ஜூலை 3

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டார்: "ஜூன் 13-ல் 'எத்தனை நாளைக்கு?' என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார் என்று எழுதினீர்களே, அது குறுக்கிடுவது இல்லையா?"

ஆமாம், அதுவும் குறுக்கிடுவதுதான். இதை நான் பார்க்கவே இல்லை. இன்று வகுப்பில் பிள்ளைகளிடமே கேட்டேன். நன்றாகப் பேசுகிறவர்கள் "பரவாயில்லை, ஜாலிதான்" என்றார்கள். இரண்டு பேர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாத இருவருக்காக அதை நிறுத்திவிட்டேன். பேசி முடித்த பிறகு அவரவரே கேட்டுக்கொள்ளட்டும்.

ஜூலை 4

'யூ ஆர் கமிங், இஸ்ன்ட் இட்?' என்று நாம் எல்லா வாக்கியத்துக்கும் ஒரே வாலை ஒட்டுகிறோம் என்று கிண்டல் செய்து ஒருவர் எழுதியிருக்கிறார். இதைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. தமிழில் 'இல்லையா', 'தானே' என்ற ஒரே வால் எல்லா வாக்கியத்துக்கும் பொருந்தும். நாம் அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோகிறோம். லண்டன் தெருக்களில் இளைஞர்கள் எதற்கெடுத்தாலும் 'இன்னிட்' என்கிறார்களே, அதுவும் ஒரே வால்தான். தேர்வில் 'ஆரன்ட் யூ' என்று எழுதவேண்டும், சரி. அதைச் சொல்லிக்கொடுப்போம். சிரிக்க இதில் ஒன்றும் இல்லை.

ஜூலை 9

இன்றைய வகுப்பு எனக்கே பாடமாகிவிட்டது.

'யூ' ஒருவர்தானே, பிறகு ஏன் 'யூ ஆர்', 'யூ வேர்' என்று பன்மைக்குரியது வருகிறது? இதற்கு "அது அப்படித்தான்" என்றுதான் வருடக்கணக்கில் பதில் சொல்லிவந்தேன். இன்று தையல் அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "நாமளும் ஒரே ஆளை 'நீங்க வர்றீங்க'ன்னுதானே சொல்றோம் டீச்சர். மரியாதைக்கு."

உண்மையிலேயே அதுதான் வரலாறு. பழைய ஆங்கிலத்தில் ஒருவருக்குத் 'தௌ', பலருக்கு 'யீ', 'யூ' என்று இருந்தது. பிறகு மரியாதைக்காக ஒருவரையே யூ என்று அழைக்கத் தொடங்கினார்கள், நாளடைவில் தௌ பேச்சிலிருந்து மறைந்துபோனது. நீ மறைந்து நீங்கள் மட்டும் தங்கிவிட்ட மொழி. ஆள் ஒருவரானாலும் வினை பன்மையிலேயே நின்றுவிட்டது. நம் 'அவர்' கதையும் இதுவே. சங்க காலத்தில் பலரைக் குறித்தது, இன்று ஒருவரை மரியாதையாகக் குறிக்கிறது, வினை இன்னும் 'வந்தார்' என்று பழைய பன்மை வடிவில்தான் இருக்கிறது. ஒருவரையே 'தே' என்று ஆங்கிலத்தில் சொல்வது இப்போது பெருகியிருக்கிறது. அவர் என்று சொல்லிப் பழகிய நமக்கு அது புதிதாகத் தோன்றவேண்டியதில்லை.

பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். "வெள்ளைக்காரங்க நாய்க்குட்டியைக்கூட 'நீங்க'ன்னுதான் கூப்பிடுவாங்களா மிஸ்?" ஆமாம் என்றேன். "நாய்க்குட்டியாரே, எங்கே போகிறீர்கள்?" என்று அரை மணி நேரம் ஓடியது. யூ வாஸ் என்று இனி யாரும் எழுதமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஜூலை 10

நேற்றையதன் தொடர்ச்சி. தமிழில் இருந்து ஆங்கிலத்தில் இல்லாததும் சிரிப்புக்கு நல்ல இடம். 'வீ' என்றால் நாமா, நாங்களா? "வீ ஆர் கோயிங் டு ஈட் பிரியாணி" என்று நண்பன் சொன்னால் நான் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பவேண்டுமா, வாசலில் நின்று கையாட்டவேண்டுமா? இரண்டு பேர் நடித்துக் காட்டினார்கள். ஆங்கிலம் திணறுகிற இடமும் உண்டு என்று தெரிந்த அன்று பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்க்கவேண்டும்.

ஜூலை 15

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு: 'ஹேவிங் ஈட்டன் தி தோசா, தி பஸ் லெஃப்ட்.' தமிழில், தோசை தின்றுவிட்டுப் பேருந்து புறப்பட்டது. சட்னி யார் ஊற்றினார்கள் என்று கேட்டார்கள்.

தின்றது யார், புறப்பட்டது யார்? இரண்டும் ஒரே ஆளாக இருக்கவேண்டும். தொல்காப்பியம் வினையியலில் இதைச் சொல்கிறது: 'முதனிலை மூன்றும் வினைமுதல் முடிபின'. செய்து, செய்யூ, செய்பு என்ற எச்சங்கள் தம் வினைமுதலின் வினையோடுதான் முடியும். ஆங்கில இலக்கண ஆசிரியர்கள் தொங்கும் எச்சம் என்று திட்டும் தப்பைத் தடுக்க நம்மிடம் இரண்டு வரியில் நூற்பா இருக்கிறது. பள்ளியில் தமிழ் ஐயா ஒரு பக்கம், ஆங்கில ஆசிரியர் ஒரு பக்கம் என்று பிரிந்து இதையே இரண்டு தடவை, இரண்டு பயத்தோடு படிக்கவைக்கிறார்கள்.

ஜூலை 17

தமிழாசிரியர் ஒருவர் திருத்தியிருக்கிறார், நன்றி. 'மழை பெய்து குளம் நிறைந்தது.' பெய்தது மழை, நிறைந்தது குளம். ஆள் வேறு, ஆனாலும் தமிழ் சரி. இதைச் 'செய்தென' என்னும் எச்சத்தின் திரிபாக உரைகாரர்கள் கொள்வார்கள், ஒன்று மற்றதற்குக் காரணமாகும்போது இப்படி வரும். 'கால் ஒடிந்து விழுந்தான்' என்பது போன்றவற்றுக்கும் தொல்காப்பியம் அடுத்த நூற்பாவிலேயே இடம் கொடுக்கிறது, உறுப்பின் வினை உடையவனுடையதாகவே கொள்ளப்படும்.

ஆகவே நூற்பாவைச் சொல்லும்போது மழையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் மழையை விட்டுவிட்டேன், அடுத்த வகுப்பில் சரிசெய்கிறேன். மழை பெய்ததால் குளம் நிறைந்தது. தோசை தின்றதால் பேருந்து புறப்படவில்லையே.

ஜூலை 18

சிலேடை பற்றிக் கேட்டவருக்கு: காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும், பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே பாட்டில் பொருள் வைத்தவர். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஆனால் தமிழ் வகுப்பில். ஆங்கிலச் சிலேடைக்குச் சிரிக்க இரண்டு பொருளும் முன்பே தெரிந்திருக்கவேண்டும். தெரியாத பிள்ளைக்கு ஜோக்கை விளக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

ஜூலை 23

கமா. இது சிரிப்புக் கதை இல்லை, ஆனால் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கும் கதை.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனம். அதன் வண்டி ஓட்டுநர்கள் கூடுதல் நேர வேலைக்குக் கூடுதல் கூலி கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்குக் கூடுதல் கூலி கிடையாது என்று அந்த மாநிலச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. உணவுப் பொருளைப் பதப்படுத்துதல், உறையவைத்தல், சேமித்தல் என்று போய், கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று முடியும். ஷிப்மென்ட்டுக்குப் பின்னால் கமா இல்லை. அனுப்பவோ விநியோகிக்கவோ பொட்டலம் கட்டுவது என்ற ஒரே வேலையா, அல்லது பொட்டலம் கட்டுவது, விநியோகிப்பது என்று இரண்டு வேலைகளா? ஓட்டுநர்கள் விநியோகிப்பவர்கள், பொட்டலம் கட்டுபவர்கள் இல்லை. 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் சொல் தெளிவாக இல்லை, அதனால் தொழிலாளர் பக்கமே பொருள் கொள்ளவேண்டும் என்றது. 2018-ல் 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது.

கதையைச் சொல்லிவிட்டு அந்தப் பட்டியலைத் தமிழில் எழுதச் சொன்னேன். 'உறையவைப்பதும், சேமிப்பதும், பொட்டலம் கட்டுவதும், விநியோகிப்பதும்'. ஒவ்வொன்றின் வாலிலும் ஓர் உம். வழக்குக்கே இடமில்லை. "உம் போட்டிருந்தா அந்த கம்பெனிக்குக் காசு மிச்சம் மிஸ்" என்றான் டிக்கெட் சொன்ன அதே பையன். ஓட்டுநர்களுக்குக் காசு போயிருக்குமே என்றேன். யோசித்துவிட்டு, "அப்ப உம் வேண்டாம்" என்றான்.

ஆகஸ்ட் 1

ஆய்வு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். இரண்டு தெரியும்.

இஸ்ரேலைச் சேர்ந்த அவ்னர் ஸிவ் 1988-ல் வெளியிட்டது ஒன்று. புள்ளியியல் பாடத்தை ஒரு பருவம் முழுவதும் ஒரு குழுவுக்கு நகைச்சுவையோடும் இன்னொரு குழுவுக்கு அது இல்லாமலும் நடத்தினார்கள். நகைச்சுவை பாடத்தோடு ஒட்டியதாக இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. நகைச்சுவைக் குழு இறுதித் தேர்வில் கூடுதல் மதிப்பெண் வாங்கியது. முதல் நாள் நான் சொன்ன சர்க்கரை, மருந்து விஷயத்தோடு இது சேர்கிறது.

இன்னொன்று என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது. ஸ்டீபன் ஷ்மிட் 1994-ல் வாக்கியங்களை வைத்துச் செய்த நினைவுச் சோதனை. வேடிக்கையான வாக்கியங்களையும் சாதாரண வாக்கியங்களையும் கலந்து கொடுத்தால் வேடிக்கையானவை அதிகம் நினைவில் நிற்கின்றன. எல்லாமே வேடிக்கை என்றால் அந்தப் பலன் போய்விடுகிறது. அதோடு, கலந்து கொடுக்கும்போது பக்கத்தில் இருக்கும் சாதாரண வாக்கியத்தின் நினைவைக் குறைத்துத்தான் வேடிக்கை வாக்கியம் இடம் பிடிக்கிறது.

நாய்க்குட்டியார் அரை மணி நேரம் ஓடினாரே, அன்று நான் நடத்தியிருந்த இன்னொரு பாடம் யாருக்கும் நினைவில்லை. போன வாரம் சோதித்துப் பார்த்தேன். இனி ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேடிக்கை வாக்கியம், அன்று எது நினைவில் நிற்கவேண்டுமோ அதற்கு மட்டும். மற்றதெல்லாம் சாதாரணமாகவே. பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள்.

ஆகஸ்ட் 6

இன், ஆன், அட். எனக்கு வழி தெரியவில்லை. தமிழில் மூன்றுக்கும் 'இல்' போதும். பேருந்தில், மேசையில், வாசலில். தப்பைத் தமிழாக்கினால் சரியான வாக்கியமும் தப்பான வாக்கியமும் ஒன்றுபோலவே வருகிறது, சிரிப்பும் வருவதில்லை. 'ஆன் தி பஸ்' என்றால் கூரைமேல் உட்கார்ந்திருப்பதாகப் படம் வரைந்து பார்த்தேன். அடுத்த நாள் எல்லோரும் 'இன் தி பஸ்' என்று எழுதினார்கள். ஆங்கிலத்தில் 'ஆன் தி பஸ்'தான் வழக்கம். சிரிப்பு தப்பான பக்கம் இழுத்துவிட்டது. அந்தப் படத்தை யாரும் பயன்படுத்தாதீர்கள்.

ஆகஸ்ட் 20

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார், ராஜா கதையைச் செய்து பார்த்தாராம், ஏழு ராஜா வரை போயிற்றாம். மகிழ்ச்சி. அடுத்து எது என்று கேட்கிறார். ஆறாம், ஏழாம் வகுப்பு என்றால் 'போனேனவில்லை'. அதற்குமேல் என்றால் அண்ணன்கள். தோசையை ஒன்பதாம் வகுப்புக்கு முன்னால் எடுக்கவேண்டாம்.

நாங்கள் இன்று 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' எடுத்தோம். நேற்று அவனைப் பார்த்திருக்கிறேன் என்று பலகையில் எழுதினேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன், பாதிப் பேர்தான் சிரித்தார்கள். 'நேற்று பார்த்தேன்' என்றுதான் வரும், 'முன்பு பார்த்திருக்கிறேன்' என்று வேண்டுமானால் சொல்லலாம் என்பது ஒரு பக்கம். இல்லை, போலீஸ் வந்து கேட்டால் அப்படித்தான் சொல்லுவோம் என்பது இன்னொரு பக்கம். ஏழு பேர், ஏழு பேர். தையல் அக்கா நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.